மாதிரிக்குக் காட்டிய பெயர்

புதுச்சேரி உப்பளத்தில் எங்கள் ஆபீசுக்குப் பெயர்ப் பலகை கிடையாது. முசியே கிளோத் வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். தெரிந்தவர்கள் வருவார்கள், அவர்கள் சொல்லி மற்றவர்கள் வருவார்கள். வருகிறவர்கள் எல்லோரும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பங்கள். சொல்தா வீட்டுக்காரர்கள் என்று ஊரில் சொல்வார்கள். அந்த வீட்டில் யாராவது ஒருவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்திருப்பார். அவருடைய பென்ஷன், அவர் போன பிறகு மனைவிக்கு வருகிற பென்ஷன், பிள்ளைகளின் பாஸ்போர்ட், ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று வருஷா வருஷம் பிரான்சுக்கு அனுப்ப வேண்டிய சான்று, இந்தத் தாள்களை எல்லாம் நிரப்பித் தருவது முசியேவின் வேலை. நகல் எடுப்பதும் ஸ்கேன் எடுப்பதும் போன் எடுப்பதும் என் வேலை. போன் எடுப்பதுதான் எனக்குக் கஷ்டம். முகம் தெரியாதவர்களிடம் பேச வாய் வராது.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு அட்டைக் கட்டு உண்டு. முசியே அதைத் தொசியே என்பார். பருத்தி நாடாவால் கட்டி பீரோவில் அடுக்கியிருப்போம். அந்த முடிச்சை நாங்கள் போடுவதில்லை. வேலை முடிந்ததும் அந்த வீட்டு ஆளே போடுவார். அடுத்த முறை அவரோ அவர் வீட்டில் ஒருவரோ வந்து அவிழ்த்தால்தான் உண்டு. அவசரமாக ஒரு எண் தேவைப்பட்டாலும் போன் செய்து அவர்களை வரச் சொல்வோமே தவிர நாங்கள் அவிழ்க்க மாட்டோம். நான் சேர்வதற்கு ரொம்ப முன்பு, அங்கே வேலை செய்த ஒருவர் ஒரு வீட்டுப் பென்ஷன் விவரத்தை அந்த வீட்டு மருமகனிடம் சொல்லிவிட்டாராம். அதோடு அண்ணன் தம்பிகள் பிரிந்துபோனார்கள். அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு மட்டும் தன்னைக் கூப்பிடவில்லை என்று முசியே இன்றைக்கும் சொல்வார். அப்போது வந்த பழக்கம் இது.

போன மழையில் முன்னறைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. கீழ்த்தட்டில் இருந்த கட்டுகள் நனைந்தன. பின்கட்டு மாடியில் கயிறு கட்டி, தாள்களைத் துணி போல உலர்த்தினோம். அதற்கும் அந்தந்த வீட்டு ஆட்களைக் கூப்பிட்டு அவிழ்க்கச் சொல்லித்தான் செய்தோம். ஒரு பிறப்புச் சான்றில் மை கரைந்து, பெயர் இருந்த இடத்தில் நீலமாக ஒரு கறை மட்டும் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட முசியே சம்மதித்தார்.

அவருடைய மகள் சபின் அக்கா பிரான்சில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் இருக்கிறார். பெப்ரவரியில் லீவுக்கு வந்தார். அங்கே அவருடைய வேலையே இதுதானாம். கம்பெனிக்கு வெளியாரிடம் சாப்ட்வேர் வாங்குவதற்கு முன்னால், விற்கிறவர்களை நம்பலாமா என்று விசாரிப்பது. எனக்குப் புரியும்படி அக்கா சொன்னார். வீட்டுச் சாவியை ஒருவரிடம் கொடுக்கப் போகிறோம். பூட்டு நல்லதா என்று பார்த்தால் போதாது. சாவி வாங்குகிற ஆள் அதை எங்கே வைப்பார், வேறு யாரிடம் கொடுப்பார், நாம் திருப்பிக் கேட்டால் தருவாரா, தொலைத்துவிட்டால் நம்மிடம் சொல்வாரா என்றெல்லாம் பார்க்க வேண்டும். கடைசிக் கேள்விதான் முக்கியம் என்றார். அன்று எனக்கு அது அவ்வளவாகப் புரியவில்லை.

முதலில் சென்னையிலிருந்து ஒரு பெரிய கம்பெனிக்காரர் கம்ப்யூட்டர் வழியாகவே பேசினார். அக்கா கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்றார். எங்கள் விவரம் எந்த நாட்டில் இருக்கும், உங்கள் ஆட்களில் யார் திறந்து பார்க்க முடியும், நாங்கள் விலகினால் எல்லாவற்றையும் அழித்துவிடுவீர்களா என்று அக்கா அடுக்கிக்கொண்டே போனார். அவர் சான்றிதழ்களைத் திரையில் காட்டிக்கொண்டே இருந்தார். எப்போதாவது தப்பு நடந்திருக்கிறதா என்று கேட்டதற்கு, ஒரு முறைகூட இல்லை என்றார். முசியே பாதியிலேயே எழுந்து காபி போடப் போய்விட்டார்.

இரண்டாவதாக வந்தவர் எழிலரசன். ரெட்டியார்பாளையத்தில் ஒரு கடை மாடியில் நான்கு பேரை வைத்துக்கொண்டு சாப்ட்வேர் செய்கிறார். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார், உட்காருவதற்கு முன் தண்ணீர் கேட்டார். அவருடைய தாய்மாமனை முசியேவுக்குத் தெரியும். இருவரும் அந்த மாமனின் பழைய லாம்பிரட்டா ஸ்கூட்டரைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். வேலைக்கு வந்தவர் போல இல்லாமல் வீட்டுக்கு வந்தவர் போல இருந்தார். எங்கள் எல்லோருக்கும் அவரைப் பிடித்துவிட்டது. எனக்கும்தான்.

சாப்ட்வேர் எப்படி வேலை செய்கிறது என்று எங்கள் கம்ப்யூட்டரிலேயே காட்டினார். நாளைக்கு அதில் வேலை செய்யப் போகிறவள் என்று என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். ஊரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அவர் செய்து கொடுத்ததாம். நோயாளி பெயரைத் தட்டினால் புகைப்படம், விலாசம், போன், எப்போது வந்தார், எதற்கு வந்தார், எல்லாம் ஒரே பக்கத்தில் வந்து நின்றன. சபின் அக்கா கொஞ்சம் முன்னால் குனிந்து, இவர்கள் எல்லாம் நிஜ ஆட்களா என்று கேட்டார்.

"இல்லைங்க மேடம். டம்மி பேருங்கதான். காட்டுறதுக்குன்னே போட்டு வச்சது" என்றார் எழிலரசன்.

சொல்லிக்கொண்டே அடுத்த பெயரைத் தட்டினார். திரையில் துர்கா வந்தாள்.

முகம் கொஞ்சம் பூசியிருந்தது. நெற்றியில் குங்குமம். போட்டோவுக்காக உதட்டை மூடிக்கொண்டிருந்தாலும் முன்பல் தூக்கல் தெரிந்தது. அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் என்ற இடத்தில் அம்மாவாசை, அப்பா என்று இருந்தது. விலாசம் வில்லியனூர். அதன் கீழே போன் எண். அதற்கும் கீழே, குழந்தை இல்லாததற்காக அவள் எடுத்துக்கொண்டிருந்த சிகிச்சை, தேதி தேதியாக. ஒரு இடத்தில் 'கரு தங்கவில்லை' என்று இருந்தது. அதற்குப் பிறகும் அதே வார்த்தை ஒரு முறை வந்தது.

எழிலரசன் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். அதற்கு மேல் அவர் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை.

நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுக்கும் துர்கா வீட்டுக்கும் நடுவில் ஒரு தெருக்குழாய்தான். அவளுடைய அப்பா மில்லில் வேலை செய்தார். சாயங்காலம் மில் சங்கு ஊதியதும் எங்கள் தெருவில் எல்லா அடுப்பிலும் ஒரே நேரத்தில் டீ கொதிக்கும். சம்பள நாளில் அம்மாவாசை மாமா வரும் வழியில் பேக்கரியில் நீளமான ரொட்டி ஒன்று வாங்கி, சைக்கிள் ஹேண்டில் பாரில் குறுக்கே வைத்துக் கட்டிக்கொண்டு வருவார். அதை எங்கள் இரண்டு பேருக்கும் சரிபாதியாக ஒடிப்பார். எனக்கு மொறுமொறுவென்று இருக்கும் முனை பிடிக்கும் என்று துர்கா இரண்டு முனையையும் எனக்கே கொடுத்துவிடுவாள்.

ஒன்பதாவது படிக்கும்போது அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. அப்பா ஆட்டோ ஓட்டினால்தான் அன்றைக்குச் சாப்பாடு. அம்மாவைப் பார்த்துக்கொள்ள நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றேன். கொஞ்ச நாள்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். துர்கா தினமும் சாயங்காலம் புத்தகப் பையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அன்றைக்கு நடந்த பாடத்தை முதலிலிருந்து கடைசிவரை எனக்கு நடத்துவாள். டீச்சர்கள் பேசுவது போலவே பேசுவாள். கணக்கு டீச்சர் இருமுவதைக்கூட விடமாட்டாள். அம்மா அந்த வருஷம் சிரித்தது அப்போது மட்டும்தான். எனக்காக அவள் வரைந்து காட்டிய பூவின் உள்பாகப் படம் இன்றைக்கும் கண்ணை மூடினால் வரும்.

அம்மா போன பிறகும் வந்தாள். பாடம் நடத்தவில்லை, சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போனாள். பிறகு மில்லை மூடினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் குழாயடிக்குப் போனபோது அவர்கள் வீடு பூட்டியிருந்தது. மாமாவுக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எந்த ஊர் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. அப்போது என்னிடமும் போன் இல்லை, அவளிடமும் இல்லை. திருப்பூர், கோயம்புத்தூர் என்று நானாக நினைத்துக்கொள்வேன். எங்கேயோ தூரத்தில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் வில்லியனூரில் இருந்தாள். ஒரே பஸ்.

எழிலரசன் கிளம்பும்போது முசியே வாசல்வரை போய் வழியனுப்பினார். விலையும் கட்டுப்படியாகிற விலைதான். சபின் அக்காவுக்கும் சரியென்றே பட்டது. இன்னும் சில கேள்விகளை எழுதி அனுப்பிவிட்டு முடித்துவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

நாள் முழுவதும் பாஸ்போர்ட் எண், பென்ஷன் எண் என்று படித்துச் சரிபார்க்கிற வேலை என்னுடையது. எண்களை ஒருமுறை பார்த்தால் எனக்கு மனதில் நின்றுவிடும். துர்காவின் எண்ணும் அப்படியே நின்றுவிட்டது. மறுநாள் மத்தியானம் ஆபீசில் யாரும் இல்லாதபோது என் போனில் அதை அழுத்தினேன். கடைசி எண்ணில் விரல் நின்றது. அவள் எடுத்தால் என்ன சொல்வது? நம்பர் எப்படிக் கிடைத்தது என்றுதான் முதலில் கேட்பாள். நீ ஆஸ்பத்திரிக்குப் போனதை எல்லாம் படித்தேன், அதில் இருந்து எடுத்தேன் என்றா சொல்வது? வேறு யாரோ கொடுத்தார்கள் என்று பொய் சொல்லலாம். அந்தப் பொய்யைச் சொல்லியும் பார்த்தேன், வாய்க்குள்ளேயே. பிறகு எல்லா எண்ணையும் அழித்தேன்.

நான் பேசாமல் இருந்துவிட்டால் எழிலரசன் சாப்ட்வேரை வாங்கிவிடுவார்கள். அவர் அடிக்கடி வருவார். துர்காவைப் பற்றி என்றைக்காவது சாதாரணமாகக் கேட்டுக்கொள்ளலாம். சொல்லிவிட்டாலோ, அவள் எனக்கு அகப்பட்ட ஒரே வழியும் அடைபட்டுவிடும். நான் அவளுடைய ஆஸ்பத்திரி விவரத்தைப் படித்தேன் என்பதும் வெளியே வரும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு வாரம் போல ஓட்டினேன்.

அந்த வாரம் மதாம் செல்வாம்பாள் வந்தார். சொல்தாவின் விதவை. ஒவ்வொரு வருஷமும் உயிர்ச் சான்றுக்கு வருபவர். வரும்போதே சத்தம் கேட்கும்.

"முசியே, நான் இன்னும் சாவலன்னு எழுதி அனுப்புங்க. போன வருசத்த விட நல்லாவே இருக்கேன்னும் சேத்து எழுதுங்க. அவங்க வயிறு எரியட்டும்."

"அதுக்குத் தனியா ஃபாரம் இல்ல மதாம்" என்றார் முசியே.

செல்வாம்பாள் தன் கட்டை மடியில் வைத்து அவிழ்த்தார். பூத் தொடுக்கிறவர் கை. அவருடைய முடிச்சு இறுக்கமாக இருக்கும், இழுத்தால் ஒரே இழுப்பில் வந்துவிடும். தேவையான தாளை எடுத்துக் கொடுத்துவிட்டு, வழக்கம் போல அடியில் இருக்கும் ஒரு பிறப்புச் சான்றை எடுத்துப் பார்த்தார். அவருக்குப் பிறந்து, பேர் வைப்பதற்குள் போய்விட்ட ஒரு பையனின் சான்று. அப்படி ஒரு பிள்ளை இருந்தது அவர் பெண்களுக்கே தெரியாது போல, அவர்களோடு வந்தால் அந்தச் சான்றை எடுக்க மாட்டார். அவரும் எங்களிடம் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. நகல் எடுக்கும்போது ஒருமுறை நான் பார்த்தேன், அவ்வளவுதான். சான்றைத் தடவிவிட்டுத் திரும்ப அடியில் வைத்தார்.

பிறகு மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரைக் கண்ணால் காட்டி என்னிடம் கேட்டார். "எல்லாத்தையும் இதுல போடப் போறீங்களாமே. யாரு பாப்பாங்க இத?"

முசியே என்னைப் பார்த்தார். அது சாதாரணப் பார்வைதான், நீ சொல்லு என்று. நான் நகல் எடுக்கும் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாளைக்கு எழிலரசன் வேறொரு ஆபீசுக்குப் போய், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, எங்கள் பக்கத்தைத் திறப்பார். டம்மி பேரு என்பார். அங்கே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் செல்வாம்பாளின் பையனைப் படிப்பாள்.

சாப்பாட்டு நேரத்தில் சபின் அக்கா பின்கட்டில் தனியாக உட்கார்ந்து மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரம் நின்ற பிறகுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அக்கா, அன்னைக்குக் காட்டினது டம்மி பேரு இல்ல" என்றேன்.

அக்கா கையை அப்படியே வைத்துக்கொண்டு, எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"அதுல ஒருத்தி என் கூடப் படிச்சவ. எங்க தெரு. அவங்க அப்பா பேருகூட அதுல இருந்திச்சு."

அக்கா திட்டவில்லை. ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்றும் கேட்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து, அந்தப் பெண்ணோடு எனக்குப் பேச்சு வார்த்தை உண்டா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். எழிலரசனுக்குப் போன் செய்து மறுநாள் வரச் சொன்னார்.

மறுநாள் அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கத்தான் வந்தார். கையில் இனிப்புப் பெட்டி இருந்தது. அக்கா விஷயத்தைச் சொன்னதும் முதலில் சிரித்தார். புதுச்சேரியில் எத்தனையோ துர்கா இருப்பார்கள், எனக்கு யாரையோ பார்த்த மாதிரி இருந்திருக்கும் என்றார்.

"அம்மாவாசைன்னு அப்பா இருக்கிற துர்கா எத்தினி பேருங்க?" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

எழிலரசன் இனிப்புப் பெட்டியை மேஜையில் வைத்தார். பிறகு, நிஜ ஆட்கள்தான் என்று ஒப்புக்கொண்டார். தனியாக டம்மி பெயர்கள் போட்டு வைக்க நினைத்து நினைத்துத் தள்ளிப் போய்விட்டதாம். வெறும் பக்கத்தைக் காட்டினால் யாரும் வாங்குவதில்லை, நிறைந்த பக்கத்தைக் காட்டினால் வாங்குகிறார்கள். இந்தத் தொழிலில் எல்லோரும் இப்படித்தான் காட்டுகிறார்கள் என்றார்.

சபின் அக்கா குரலை உயர்த்தாமல் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆஸ்பத்திரி விவரத்தை உங்கள் ஆபீசில் யார் திறக்கலாம்? நான்கு பேரும். ஆளுக்கொரு பாஸ்வேர்டா? ஒன்றேதான். எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்? சுவரில் மாட்டியிருக்கிற வெள்ளைப் பலகையில். இதுவரை இப்படி எத்தனை இடத்தில் காட்டியிருக்கிறீர்கள்? அதற்கு அவர் யோசித்து யோசித்து ஒரு பள்ளிக்கூடம், ஒரு நகைக்கடை, ஒரு ஹாஸ்டல் என்று சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே முகம் மாறியது. இதுவரை அவர் அதைக் கூட்டிப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து சொல்லுங்கள் என்றார் அக்கா. அந்த ஆட்களுக்கு அவர்கள் தெரிவிக்க வேண்டும்.

அந்த ஆஸ்பத்திரிதான் எழிலரசனின் பெரிய வாடிக்கை. சொன்னால் அவர்கள் விலகலாம். முசியே அதற்குள் அவருக்காகப் பரிந்து பேச வந்தார். சின்னப் பையன், அவன் மாமன் நல்ல மனுஷன், இனிமேல் செய்யமாட்டான், இதோடு விட்டுவிடலாமே என்றார். அக்கா தன் அப்பாவைப் பார்த்தார்.

"பப்பா, அந்த மருமகன் வீட்டுக் கதைய நீங்கதான சொன்னீங்க. அன்னைக்கு இங்க வேல செஞ்ச அந்த ஆளு, தப்பு பண்ணிட்டேன்னு நேரா போய் அந்த வீட்ல சொல்லியிருந்தா?"

முசியே தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

எழிலரசன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வண்டியில் உட்கார்ந்தார், சாவியையும் போட்டார். போய்விட்டார் என்றே நினைத்தேன். உண்மையைச் சொன்னால் ஒருபக்கம் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. அவர் போய்விட்டால் இது இதோடு முடிந்துவிடும், துர்காவுக்கு ஒன்றும் தெரியாது, நான் பார்த்ததும் தெரியாது.

வண்டி கிளம்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் இறங்கி உள்ளே வந்தார். எங்கள் எதிரிலேயே ஆஸ்பத்திரி டாக்டருக்குப் போன் செய்து, நடந்ததை நடந்தபடி சொன்னார். எங்கெங்கே காட்டினேன் என்பதையும் சொன்னார். அந்தப் பக்கம் டாக்டர் கத்தியது எங்களுக்குக் கேட்டது. எழிலரசன் போனைக் காதில் இருந்து தள்ளிப் பிடிக்கவில்லை. முழுவதையும் கேட்டுக்கொண்டார். முடிந்ததும் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துவிட்டு, இனிப்பை எடுத்துக்கொண்டு போகட்டுமா மேடம் என்று கேட்டார். இருக்கட்டும், வைத்துவிட்டுப் போங்கள் என்றார் அக்கா.

சபின் அக்கா பிரான்சுக்குத் திரும்புவதற்கு முன் முடிவெடுத்தார்கள். சென்னைக்காரரிடம் அக்கா மறுபடியும் பேசி, தப்பு நடந்தால் எங்களிடம் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். தப்பே நடக்காது என்று அவர் மறுபடியும் சொன்னார். அக்கா நன்றி சொல்லி வைத்துவிட்டார். எழிலரசனுக்கு முழு வேலையும் கொடுக்கவில்லை. யார் எந்த நாளில் வர வேண்டும் என்று குறிக்கிற வேலை மட்டும் கொடுத்தார்கள். ஆளுக்கொரு பாஸ்வேர்டு, யார் எப்போது திறந்தார்கள் என்பதற்குப் பதிவு, எல்லாம் செய்து காட்ட வேண்டும். ஒரு வருஷம் பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம். கட்டுகள் பீரோவிலேயே இருக்கின்றன, மேல்தட்டுகளில். அடுத்த முறை எழிலரசன் வந்தபோது அவருடைய திரையில் இருந்த நோயாளிகளின் பெயர்கள் கத்தரிக்காய், முருங்கைக்காய் என்று இருந்தன. முசியே ரொம்ப நேரம் சிரித்தார்.

ஒரு நாள் காலையில், பத்து மணி சுமாருக்கு ஆபீஸ் போன் அடித்தது. முசியே பக்கத்துத் தெருவுக்குப் போயிருந்தார். நான்தான் எடுத்தேன்.

"சபின் மேடம் இருக்காங்களா?"

முதல் சொல்லிலேயே தெரிந்துவிட்டது. குரல் கொஞ்சம் கனத்திருந்தது, ஆனால் அவள்தான். மேடம் ஊருக்குப் போய்விட்டார் என்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள் என்றாள். தன்னுடைய விவரத்தை வெளியே காட்டிவிட்டார்களாம், எங்கெங்கே என்று கேட்டதில் சபின் அக்கா பெயரும் எங்கள் ஆபீஸ் நம்பரும் கொடுத்தார்களாம். ஒவ்வொரு இடமாகக் கேட்டுக்கொண்டு வருகிறாள். எரிந்துதான் விழுந்தாள், மரியாதையோடு. அங்கே யார் யார் பார்த்தார்கள் என்று கேட்டாள்.

முசியே, அவர் மகள், இங்கே வேலை செய்கிற ஒரு பெண் என்றேன்.

"அந்தப் பொண்ணு யாருங்க? எந்தப் பக்கம்? எங்க வீட்டுக்காரர் வீட்ல யாருக்கும் இது தெரியாது. அதுக்குத்தான் கேக்குறேன்."

யாரோ ஒரு பெண் என்று சொல்லியிருக்கலாம். வேலையை விட்டுப் போய்விட்டாள் என்றும் சொல்லியிருக்கலாம். அவள் அடுத்த இடத்துக்குப் போன் செய்யப் போய்விடுவாள்.

"நான்தான்" என்றேன். "நெல்லித்தோப்பு. செந்தமிழ்ச்செல்வி."

அந்தப் பக்கம் ஒரு பஸ் ஹாரன் கேட்டது. பிறகு யாரோ கண்டக்டர் விழுப்புரம் விழுப்புரம் என்று கூவுவது கேட்டது. அது தேய்ந்துபோன பிறகுதான் அவள் கேட்டாள்.

"எல்லாத்தையும் படிச்சியா?"

"படிச்சேன்."

"நம்பரும் இருந்திச்சா அதுல?"

"இருந்திச்சு."

"அப்புறம் ஏன்டி நீ போன் பண்ணல?"

"நீ குடுக்கலியே" என்றேன்.

அவள் மூச்சு விடுவது கேட்டது. அழுகிறாளா, கோபமா என்று தெரியவில்லை.

"வேற என்னா இருந்திச்சு?" என்றாள்.

அவசரத்துக்கு என்ற இடத்தில் மாமா பேர் இருந்தது என்றேன்.

"அப்பா போயி ரெண்டு வருசம் ஆவுது செல்வி" என்றாள். "அத மாத்தணும்னு நெனக்கிறேன், ஒவ்வொரு தடவயும் மறந்துடறேன். அவங்களும் கேக்குறதில்ல."

சைக்கிளில் குறுக்கே கட்டிய ரொட்டியோடு அவர் தெரு முனையில் திரும்புவது எனக்குத் தெரிந்தது. இத்தனை நாள் அவர் எங்கேயோ இருக்கிறார் என்றே வைத்திருந்தேன். திரையில் பார்த்த அன்றைக்குக்கூட, அவர் இருக்கிறார் என்பதில்தான் எனக்குச் சந்தோஷம்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றேன்.

"நீ சொல்ல மாட்டன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். அதில் பழைய அதட்டல் கொஞ்சம் இருந்தது. பிறகு, "சனிக்கிழம உங்க ஆபீசு எத்தினி மணி வரைக்கும்?" என்று கேட்டாள்.

"ஒரு மணி வரைக்கும்."

"சரி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

முசியே வந்ததும் சனிக்கிழமை ஒருவர் வருகிறார் என்று சொன்னேன். எந்தத் தொசியே, எடுத்து வைக்கவா என்று கேட்டார். தொசியே எதுவும் இல்லை, என்னைப் பார்க்க வருகிறாள் என்றேன்.